சிமெண்ட் ஆலையின் கார்பன் கணக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிமெண்ட் ஆலைகளில் எரிசக்தித் தணிக்கை செய்வது என் தொழில். புதிதாக வேலைக்குச் சேர்ந்த இன்ஜினியர்கள், ஆலையைச் சுற்றியிருக்கும் ஊர்க்காரர்கள், வீடு கட்டப் போகிறவர்கள் என்று பலரும் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். எல்லாக் கேள்விகளுக்கும் ஒரே நீளத்தில் பதில் இருக்காது. சிலவற்றைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, சிலவற்றுக்கு இரண்டு வரி போதும்.

கனரகத் தொழில்கள் எத்தனையோ இருக்க, சிமெண்டை மட்டும் ஏன் எடுத்துக்கொண்டீர்கள்?

உலகில் மனிதர் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடில் ஏறத்தாழ 7 முதல் 8 சதவீதம் சிமெண்டிலிருந்து வருகிறது. சீனாவுக்கு அடுத்தபடியாக அதிக சிமெண்ட் தயாரிப்பது இந்தியா. தமிழ்நாட்டில் அரியலூர், டால்மியாபுரம், விருதுநகர், திருநெல்வேலிப் பக்கம் போனால் இந்தத் தொழில் எவ்வளவு பெரியது என்று கண்ணாலேயே பார்க்கலாம். இன்னொரு காரணமும் உண்டு. மற்ற பல தொழில்களில் எரிபொருளை மாற்றினால் பெரும்பகுதி வேலை முடிந்துவிடும். சிமெண்டில் அப்படி முடியாது, ஏனென்றால் கல்லுக்குள்ளேயே கார்பன் இருக்கிறது.

கல்லுக்குள் எப்படிக் கார்பன்?

சுண்ணாம்புக்கல் என்பது கால்சியம் கார்பனேட். அதைச் சூடாக்கினால் சுண்ணாம்பு தங்கிவிடும், கார்பன் டை ஆக்சைடு பிரிந்து புகைபோக்கி வழியாகப் போய்விடும். 100 கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல்லில் 44 கிலோ இந்த வாயுதான். அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் கிரெட்டேசியஸ் காலத்துக் கடலில் படிந்தது. சுரங்கத்தில் இன்றும் அம்மோனைட் போன்ற கடல் உயிர்களின் புதைபடிவங்கள் கிடைக்கின்றன. அந்த உயிர்கள் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் ஓட்டுக்குள் பூட்டி வைத்ததைத்தான் இப்போது திறந்துவிடுகிறோம். சூரிய ஒளியில் சூடாக்கினாலும், ஹைட்ரஜனை எரித்துச் சூடாக்கினாலும் இந்த வாயு வந்தே தீரும்.

அப்படியானால் ஒரு மூட்டைக்கு எவ்வளவு?

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். கில்னிலிருந்து, அதாவது கல்லைச் சுடும் சுழல் உலையிலிருந்து, வெளியே வரும் கருஞ்சாம்பல் நிற உருண்டைகளுக்குக் கிளிங்கர் என்று பெயர். அதை ஜிப்சத்தோடும் மற்ற பொருட்களோடும் அரைத்தால் சிமெண்ட்.

ஒரு டன் கிளிங்கருக்குக் கல்லிலிருந்து மட்டும் வருவது சுமார் 525 கிலோ கார்பன் டை ஆக்சைடு. எரிபொருளிலிருந்து வருவது, கிலோ கிளிங்கருக்கு 740 கிலோகலோரி செலவாகும் ஆலையில், சுமார் 300 கிலோ. ஆக 825. இனி அந்த ஒரு டன் சிமெண்டில் எவ்வளவு கிளிங்கர் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஓ.பி.சி. என்னும் சாதாரண சிமெண்டில் ஏறத்தாழ 95 சதவீதம். பி.பி.சி.யில், அதாவது அனல்மின் நிலையச் சாம்பல் கலந்ததில், 65 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மின்சாரம் டன்னுக்கு 75 யூனிட். கிரிட் மின்சாரம் என்றால் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ, ஆக 50 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே.

கூட்டிப் பார்த்தால் பி.பி.சி. டன்னுக்கு 590 கிலோவை ஒட்டி வரும். ஓ.பி.சி. 835 பக்கம். 50 கிலோ மூட்டைக்கு முன்னது சுமார் 30 கிலோ, பின்னது சுமார் 42 கிலோ. இது ஒரு மாதிரிக் கணக்குதான், ஆலைக்கு ஆலை மாறும். ஆனால் எந்தப் பகுதி எவ்வளவு கனம் என்பது பெரிதாக மாறாது.

எங்கள் ஆலையில் அளவீட்டை எங்கிருந்து ஆரம்பிப்பது?

எடையிலிருந்து. புகைபோக்கியில் கருவி வைப்பது, டேஷ்போர்டு போடுவது எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். 'டன்னுக்கு இவ்வளவு' என்று நீங்கள் சொல்லும் எந்த எண்ணுக்கும் மேலே ஒன்று, கீழே ஒன்று இருக்கிறது. மேலே இருக்கும் நிலக்கரி, மின்சாரம், வாயு எல்லாவற்றையும் ஆளாளுக்குக் கேள்வி கேட்பார்கள். கீழே இருக்கும் டன்னை யாரும் கேட்பதில்லை. நான் பார்த்த வரையில் தவறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

டன்னில் என்ன தவறு வரும்? கிளிங்கரை எடை போடத்தானே செய்கிறார்கள்?

பல ஆலைகளில் போடுவதில்லை. கிளிங்கரை ஆறவைக்கும் கூலரிலிருந்து இன்னும் சூடாக வரும் கிளிங்கர், பான் கன்வேயரில் ஏறி நேராகச் சேமிப்பு சைலோவுக்குப் போய்விடும். இடையில் தராசு இருக்காது, இருந்தாலும் அதை நம்பி யாரும் ரிப்போர்ட் எழுத மாட்டார்கள். பதிலாக, கில்னுக்குள் போகும் அரைத்த கல் மாவின் எடையை எடுத்து, அதை ஒரு எண்ணால் வகுத்து, இவ்வளவு கிளிங்கர் வந்திருக்கும் என்று எழுதுவார்கள். அந்த வகுக்கும் எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் கன்ட்ரோல் ரூமில் ஒருவருக்கும் தெரியாது. முன்னே இருந்தவர் போட்டுவைத்தது.

ஒரு உதாரணம். கில்னுக்கு மணிக்கு 400 டன் மாவு போகிறது. 1.55-ஆல் வகுத்தால் 258 டன் கிளிங்கர். மாவில் 35 சதவீதம் வாயுவாகப் போய்விடும் என்பதை வைத்துப் பார்த்தால் 1.54 வரும், ஆகவே 1.55 சரியாகத்தானே தெரிகிறது? ஆனால் கில்னுக்கு முன் மாவைச் சூடாக்கும் ப்ரீஹீட்டர் கோபுரத்தின் உச்சியில் புகையோடு சேர்ந்து கொஞ்சம் மாவு வெளியே போய், ஃபில்டரில் பிடிபட்டு மறுபடி மாவு சைலோவுக்கே திரும்பி வருகிறது. அது இரண்டு தடவை எண்ணப்படுகிறது. அதையும் சேர்த்தால் உண்மையான எண் 1.62 ஆக இருக்கலாம். அப்போது கிளிங்கர் 247 டன்தான். மணிக்கு 11 டன் இல்லாத கிளிங்கர், நாளுக்கு 264 டன்.

எரிபொருள் கணக்கில் இதன் விளைவைப் பாருங்கள். உண்மையில் கிலோவுக்கு 773 கிலோகலோரி செலவு செய்யும் ஆலை, ரிப்போர்ட்டில் 740 காட்டும். ஒரு வருஷம் பாடுபட்டு 20 கிலோகலோரி குறைத்தால் பெரிய சாதனை என்று கேக் வெட்டுவார்கள். இங்கே 33 கிலோகலோரி ஒரு வகுத்தலிலேயே காணாமல் போய்விட்டது.

இந்தப் பொய் என்றைக்காவது வெளியே வரும். வழக்கமாக மார்ச் கடைசியில், ஸ்டாக் அளக்கும்போது. யார்டில் குவித்திருக்கும் கிளிங்கர் மலையை அளந்து, அடர்த்தியால் பெருக்கிப் பார்த்தால் புத்தகத்தில் இருப்பதைவிடக் குறைவாக இருக்கும். உடனே 'ஸ்டாக் அட்ஜஸ்ட்மென்ட்' என்று ஒரு வரி விழும். ஒரு ஆலையில் இந்த வரியைக் காட்டி, இது எந்த மாதத்துக் கிளிங்கர் என்று கேட்டேன். அக்கவுன்ட்ஸ்காரர் புரொடக்‌ஷனைப் பார்த்தார், புரொடக்‌ஷன்காரர் அக்கவுன்ட்ஸைப் பார்த்தார்.

சரி, அதை எப்படிச் சரிபார்ப்பது?

கஷ்டமான வேலை இல்லை, அலுப்பான வேலை. கில்ன் நிதானமாக ஓடும் ஒரு நாளில், பான் கன்வேயரை ஒரு ஷிஃப்ட் முழுக்க லாரி லோடிங் பக்கம் திருப்பிவிடுங்கள். வரும் கிளிங்கரை எல்லாம் லாரியில் ஏற்றி, காலி எடையும் பார எடையும் எடைமேடையில் போடுங்கள். அதே எட்டு மணி நேரத்தில் உள்ளே போன மாவின் எடையை எடுத்து வகுத்தால் உங்கள் ஆலையின் உண்மையான எண் கிடைத்துவிடும். மாவுத் தராசையும் அதே நாளில் சோதித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒரு தவறை இன்னொரு தவறால் வகுத்த கதையாகிவிடும். லாரிக்காரர் முணுமுணுப்பார், லோடிங் ஆட்கள் தூசியில் நனைவார்கள். வருஷத்துக்கு இரண்டு தடவையாவது செய்யச் சொல்வேன்.

எரிபொருளை அளக்கும்போது கவனிக்க வேண்டியது?

முக்கியமாக இரண்டு. ஈரம்: லாரியில் வந்த நிலக்கரியின் எடையும், அரைத்துக் காய்ந்து கில்னுக்குள் போன எடையும் வேறு வேறு. எந்த எடைக்கு எந்த லேப் முடிவைப் பெருக்குகிறீர்கள் என்று பாருங்கள். அடுத்து, கலோரி மதிப்பில் மொத்தம் என்றும் நிகரம் என்றும் இரண்டு உண்டு. எரியும்போது உண்டாகும் நீராவியின் வெப்பத்தைச் சேர்த்தால் மொத்தம், கழித்தால் நிகரம். நிலக்கரி வாங்குவது மொத்தத்தில், இவ்வளவு வெப்பத்துக்கு இவ்வளவு கார்பன் என்று சொல்லும் கார்பன் காரணிகள் பெரும்பாலும் நிகரத்தில். இரண்டையும் குழப்பினால் நிலக்கரியில் 4, 5 சதவீதம் தப்பும். லேப் ரிப்போர்ட்டின் மேல்வரியைப் படித்தாலே தெரிந்துவிடும், ஆனால் யாரும் மேல்வரியைப் படிப்பதில்லை.

எங்கள் எண் பக்கத்து ஆலையைவிடக் குறைவு. நாங்கள் அவர்களைவிடச் சுத்தம் என்று சொல்லலாமா?

முதலில் இதற்குப் பதில் சொல்லுங்கள்: கிளிங்கரை வெளியிலிருந்து வாங்குகிறீர்களா? வாங்கி அரைத்து மூட்டை போடும் ஆலையில் கில்னே கிடையாது, மின்சாரம் மட்டும்தான். டன்னுக்கு 30, 40 கிலோ என்று காட்டலாம், அந்தக் கிளிங்கரைச் சுட்ட ஊரில் புகை போய்க்கொண்டே இருக்கும். இந்த விளையாட்டைத் தடுக்கத்தான் உலகளாவிய சிமெண்ட் நிறுவனங்கள் பயன்படுத்தும் கணக்கு முறையில், வகுப்பதற்கு 'சிமெண்ட்' என்று எடுக்காமல், தானே தயாரித்த கிளிங்கரையும் அதோடு சேர்த்த மற்ற பொருட்களையும் கூட்டி எடுக்கிறார்கள். விற்ற கிளிங்கர் உள்ளே வரும், வாங்கிய கிளிங்கர் வராது.

அப்புறம் மின்சாரம். சொந்தமாக நிலக்கரி மின் நிலையம் வைத்திருக்கும் ஆலை அதைத் தனிக் கம்பெனியாகப் பிரித்துவிட்டால் அந்தப் புகை வேறு கணக்குக்குப் போய்விடும். மாற்று எரிபொருளில் மொத்தக் கணக்கு, நிகரக் கணக்கு என்று இரண்டு உண்டு. பழைய டயர், பிளாஸ்டிக் எரித்தால் வரும் கார்பனை மொத்தத்தில் சேர்ப்பார்கள், நிகரத்தில் சில நிபந்தனைகளோடு கழிப்பார்கள். இரண்டு ஆலைகளை ஒப்பிடும்போது ஒன்றின் மொத்தத்தையும் மற்றதன் நிகரத்தையும் எடுத்துவிட்டால் முடிவு கந்தலாகிவிடும்.

எல்லாம் சரியாக இருந்தாலும், டன்னுக்கு எவ்வளவு என்பது பாதிக் கதைதான். டன்னுக்கு 10 சதவீதம் குறைத்துவிட்டு உற்பத்தியை இரண்டு மடங்காக்கினால், வானத்துக்குப் போனது 80 சதவீதம் கூடியிருக்கிறது.

பெரிய முதலீடு இல்லாமல் குறைக்க வழி உண்டா?

உண்டு, நிறைய. முதலில் காற்றுக் கசிவு. கில்னும் ப்ரீஹீட்டரும் உறிஞ்சும் அழுத்தத்தில் ஓடுகின்றன. எங்கே இடுக்கு இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே புகும். புகுந்த காற்றைச் சும்மா 300 டிகிரிக்குச் சூடாக்கி, பெரிய ஃபேனால் இழுத்து, வெளியே தள்ள வேண்டியிருக்கும். இதைக் கண்டுபிடிக்க இரண்டு இடத்தில் ஆக்சிஜன் அளந்தால் போதும். கில்ன் வாயில் 2 சதவீதம், ப்ரீஹீட்டர் உச்சியில் 5 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 3. அதை 21-லிருந்து 5-ஐக் கழித்து வரும் 16-ஆல் வகுத்தால் 19 சதவீதம் கிட்டே. அதாவது, உள்ளே போன வாயுவின் அளவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக்குச் சமமான வேண்டாத காற்று வழியில் சேர்ந்திருக்கிறது. நன்றாகப் பராமரிக்கும் ஆலையில் இது ஒற்றை இலக்கத்தில் நிற்கும்.

எண் வந்தபிறகு மாடி மாடியாக ஏறிப் பார்க்க வேண்டியதுதான். அடைப்பு எடுக்கத் திறக்கும் சின்னக் கதவுகள், ஃபிளாப் வால்வு தண்டு, கில்ன் சுழலும் இடத்து சீல். கதவு ஓரமாகக் காதை வைத்தால் உஸ்ஸென்று கேட்கும், கையில் ஒரு பிடி மாவை எடுத்து ஓரத்தில் தூவினால் உள்ளே இழுத்துக்கொள்ளும். கதவைத் திறந்தவர்கள் போல்ட்டை நாலுக்கு இரண்டாகப் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். செராமிக் கயிறும் கொஞ்சம் பூச்சும் போதும்.

இரண்டாவது ஃபேன். ஃபேன் முழு வேகத்தில் ஓட, காற்றை மறிக்கும் தகடான டேம்பரைப் பாதி மூடி வைத்திருப்பது எந்த ஆலையிலும் பார்க்கக்கூடிய காட்சி. ஒரு காலால் ஆக்சிலரேட்டரை மிதித்துக்கொண்டே மறு காலால் பிரேக் பிடிப்பது போலத்தான். ஃபேனின் மின்சாரம் வேகத்தின் முப்படியில் போகும். வேகத்தை 10 சதவீதம் குறைத்தால் மின்சாரம் 27 சதவீதம் குறையும். வேகம் மாற்றும் டிரைவ் போட்டு டேம்பரை முழுக்கத் திறந்துவிட்டால் செலவழித்த காசு சீக்கிரம் திரும்பி வந்துவிடும்.

மூன்றாவது கம்ப்ரசர் காற்று. 7 பார் அழுத்தத்தில் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்றுக்கு மட்டும் சுமார் 3 கிலோவாட் போகும். வருஷம் முழுக்க என்றால் சுமார் 26,000 யூனிட். ஆலை நின்றிருக்கும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு சுற்று நடந்து பாருங்கள், எத்தனை இடத்தில் சீறுகிறது என்று தெரியும்.

வீணாகும் வெப்பத்தில் மின்சாரம் எடுப்பது?

நல்ல திட்டம். ப்ரீஹீட்டரிலிருந்தும் கூலரிலிருந்தும் 300 டிகிரி பக்கம் வெளியே போகும் காற்றில் நீராவி உண்டாக்கி, ஆலைக்கு வேண்டிய மின்சாரத்தில் 20 முதல் 30 சதவீதம் வரை எடுக்கலாம். ஒரே ஒரு எச்சரிக்கை. டர்பைன் வந்தபின், வெளியே போகும் வெப்பத்தைக் குறைக்க யாருக்கும் மனசு வராது. கசிவை முதலில் அடைத்துவிட்டு, மிச்சம் இருக்கும் வெப்பத்துக்கு அளவெடுத்து டர்பைன் வாங்குங்கள்.

உண்மையில் பெரிய குறைப்பு எதில் கிடைக்கும்?

கிளிங்கரைக் குறைப்பதில். மேலே போட்ட கணக்கிலேயே பார்க்கலாம். கில்னில் 20 கிலோகலோரி மிச்சம் பிடித்தால் பி.பி.சி. டன்னுக்கு 5 கிலோ கார்பன் டை ஆக்சைடு குறையும். கிளிங்கரை 65-லிருந்து 60 சதவீதமாகக் குறைத்தால் 41 கிலோ குறையும். எட்டு மடங்கு.

சாம்பலுக்கு இந்தியத் தரநிலை 35 சதவீதம் வரை இடம் கொடுக்கிறது. இரும்பாலைக் கசடு, அதாவது ஸ்லாக், கலந்த சிமெண்டில் 70 சதவீதம் வரை போகலாம். மேட்டூர், தூத்துக்குடி, வட சென்னை அனல்மின் நிலையங்கள் இருப்பதால் தமிழ்நாட்டு ஆலைகளுக்குச் சாம்பல் கிடைப்பது இதுவரை பெரிய சிக்கலாக இல்லை. ஆனால் இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. நிலக்கரி மின் நிலையங்களை மூடவேண்டும் என்று ஒரு பக்கம் சொல்கிறோம், அவற்றின் சாம்பலை வைத்துச் சிமெண்டைப் பசுமையாக்குகிறோம் என்று மறுபக்கம் சொல்கிறோம். சாம்பலுக்குக் கார்பன் சுமை பூஜ்யம் என்று வைத்துக்கொள்வதே அது கழிவு என்ற அடிப்படையில்தான். காசு கொடுத்து, லாரி பிடித்து, போட்டி போட்டு வாங்கும் பொருளை எவ்வளவு நாளைக்குக் கழிவு என்று சொல்வது என்பது நியாயமான கேள்வி.

அதற்கு மாற்றாக வந்திருப்பது எல்.சி.3 சிமெண்ட். பாதி கிளிங்கர், 30 சதவீதம் சுட்ட களிமண், 15 சதவீதம் அரைத்த சுண்ணாம்புக்கல், 5 சதவீதம் ஜிப்சம். களிமண்ணை 800 டிகிரி அளவில் சுட்டால் போதும், கில்னில் தேவைப்படும் 1450 டிகிரி வேண்டாம். களிமண்ணிலிருந்து வெளியே வருவது நீராவிதான். சுவிட்சர்லாந்து, கியூபா ஆய்வாளர்களோடு டெல்லி, சென்னை ஐ.ஐ.டி.களும் இதில் வேலை செய்திருக்கின்றன. 2023-இல் இந்தியத் தரநிலையும் வந்துவிட்டது. இனி வேண்டியது வாங்குகிறவர்கள். பொதுப்பணித் துறை டெண்டரில் பெயர் வந்தால் ஆலைகள் தானாகத் தயாரிக்கும்.

நகரக் குப்பையைக் கில்னில் எரிப்பது நல்லதா?

பிரித்து, காயவைத்து, துண்டாக்கிய குப்பை என்றால் நல்லது. கில்னில் வெப்பம் அதிகம், வாயு உள்ளே தங்கும் நேரமும் அதிகம், எரிந்த சாம்பல் கிளிங்கருக்குள்ளேயே சேர்ந்துவிடும். குப்பையிலிருந்து எரிபொருள் தயாரிக்கும் ஆலைக்கு 100 கிலோமீட்டருக்குள் இருக்கும் தொழிற்சாலைகள் எரிபொருளில் குறைந்தது 5 சதவீதத்தை அதைக்கொண்டு மாற்ற வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் சொல்லின. ஐரோப்பாவில் இந்த மாற்று பாதி அளவுக்கு நடக்கிறது, இங்கே பெரும்பாலும் ஒற்றை இலக்கம்.

தடை தொழில்நுட்பத்தில் இல்லை, குப்பையில் இருக்கிறது. ஈரமும் மண்ணும் கலந்து வருவதை எரித்தால் கலோரி கிடைக்காது. பி.வி.சி., உப்பு கலந்து வந்தால் குளோரின் ப்ரீஹீட்டரில் சுற்றிச் சுற்றி வந்து, மாவையும் புகையையும் பிரிக்கும் சைக்ளோனின் அடிக்கூம்பில் கட்டியாகப் படியும். நடுராத்திரியில் அடைப்பு எடுப்பவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். வீட்டில் பிரிக்காத குப்பையின் விலையை அவர்கள்தான் கொடுக்கிறார்கள்.

ஐ.எஸ்.ஓ. 14001 சான்றிதழ் இருக்கிறதே, போதாதா?

போதாது. நிர்வாக நடைமுறை ஒழுங்காக இருக்கிறது என்பதற்கு அது சான்று. மாசு எவ்வளவு குறைவு என்று அது சொல்லாது. இலக்கை நீங்களே வைத்துக்கொள்கிறீர்கள்.

அரசு என்ன கேட்கிறது?

2012-இல் தொடங்கிய பாட் (PAT: செய், சாதி, விற்பனை செய்) திட்டத்தில் எரிசக்தித் திறன் அமைவகம் பெரிய ஆலைகளுக்கு எரிசக்தி இலக்கு வைத்தது. மிஞ்சினால் சான்றிதழ் விற்கலாம், தவறினால் வாங்க வேண்டும். இப்போது அது கார்பனுக்கு மாறுகிறது. 2022-இல் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் திருத்தப்பட்டு, 2023-இல் கார்பன் வணிகத் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2025 அக்டோபரில் சிமெண்ட், அலுமினியம், குளோர்-ஆல்கலி, காகிதத் தொழில்களுக்கு முதல் இலக்குகள் வந்தன. கிளிங்கர் எடை சரியில்லை என்றால் இனி அது தணிக்கையாளர் பிரச்சினை மட்டும் இல்லை, பணப் பிரச்சினை.

இறக்குமதிப் பொருட்களின் கார்பனுக்காக ஐரோப்பா விதிக்கும் எல்லைக் கார்பன் வரி 2026 ஜனவரி 1 முதல் முழு அளவில் நடைமுறைக்கு வந்துவிட்டது. நம் சிமெண்ட் ஐரோப்பாவுக்கு அவ்வளவாகப் போவதில்லை, ஆகவே சிமெண்ட்காரர்களுக்கு உடனடிக் கவலை இல்லை. உருக்கு, போல்ட், குழாய் இணைப்பு ஏற்றுமதி செய்பவர்கள்தான் கணக்கை இப்போதே ஒழுங்கு செய்ய வேண்டும்.

நான் ஆலைக்குப் பக்கத்து ஊர்க்காரன். கார்பன் இருக்கட்டும், தூசிக்கு என்ன வழி?

நியாயமான கேள்வி. கார்பன் டை ஆக்சைடு கண்ணுக்குத் தெரியாது, உங்கள் ஊருக்கென்று தனியாகத் தீங்கும் செய்யாது. தூசி உங்கள் வீட்டுக் கூரையில் படிகிறது. 'கார்பன் குறைத்த ஆலை' என்று விருது வாங்கிய ஆலையின் வாசலில் தூசி பறக்கலாம், இரண்டும் வேறு வேறு கணக்கு.

பெரிய புகைபோக்கியில் இப்போது பெரும்பாலும் பிரச்சினை குறைவு. பழைய மின்வழித் தூசி வடிப்பான் இருக்கும் இடத்தில் மட்டும் ஒன்று நடக்கும்: உள்ளே கார்பன் மோனாக்சைடு கூடினால், வெடிக்காமல் இருக்க வடிப்பானின் மின்சாரம் தானாக நின்றுவிடும். சில நிமிடங்களுக்கு அப்படியே தூசி கொட்டும். திடீரென்று புகை அடர்த்தியாகத் தெரிந்தால் நேரத்தைக் குறித்து வையுங்கள். மற்றபடி தூசியின் பெரும்பகுதி தரையிலிருந்து வருகிறது: மூடாத கிளிங்கர் குவியல், தார்ப்பாய் போடாத லாரி, சுரங்கத்து மண் சாலை.

நீங்கள் கேட்டுப் பெறக்கூடியவை இருக்கின்றன. 2014 முதல் சிமெண்ட் உட்பட 17 வகைத் தொழிற்சாலைகள் புகைபோக்கி அளவீட்டைத் தொடர்ச்சியாக மாசுக் கட்டுப்பாடு வாரியத்துக்கு அனுப்ப வேண்டும். சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற ஆலை, நிபந்தனைகளை எப்படி நிறைவேற்றியது என்று ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அறிக்கை தர வேண்டும், அது பொது ஆவணம். ஒவ்வொரு செப்டம்பர் 30-க்குள்ளும் படிவம் 5-இல் சுற்றுச்சூழல் அறிக்கை வாரியத்துக்குப் போக வேண்டும். 'தூசி வருகிறது' என்று மனு கொடுப்பதைவிட, இந்தத் தேதியில் இந்த மணிக்கு என்று எழுதி, அந்த மணி நேரத்துப் பதிவைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் பதில் வேறு மாதிரி வரும்.

கார்பனைப் பிடித்துப் புதைப்பது நடக்கிறதா?

நார்வேயில் பிரெவிக் என்னும் ஊரின் சிமெண்ட் ஆலையில் நடக்கிறது. 2025-இல் திறந்தார்கள். ஆண்டுக்கு 4 லட்சம் டன், அந்த ஆலை வெளியிடுவதில் பாதி, பிடித்து, கப்பலில் ஏற்றி, வடகடலின் அடியில் செலுத்துகிறார்கள். அரசுப் பணம் நிறைய போயிருக்கிறது. பிடித்த வாயுவைக் கரைசலிலிருந்து பிரிக்க ஏகப்பட்ட வெப்பமும் வேண்டும். கல்லிலிருந்து வரும் 525 கிலோவுக்குக் கடைசியில் இது தேவைப்படும், மறுக்கவில்லை. ஆனால் கதவு போல்ட்டை நாலும் போடாத ஆலை இதைப் பற்றிக் கருத்தரங்கு நடத்துவதைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது.

உருக்கு, வார்ப்பு ஆலைகளுக்கும் இதே கணக்குதானா?

இரசாயனம் வேறு, கவனிக்க வேண்டிய இடம் அதேதான். மத்திய உருக்கு அமைச்சகம் 2024 டிசம்பரில் பசுமை உருக்கு என்றால் என்ன என்று வரையறுத்தது: முடிந்த உருக்கு ஒரு டன்னுக்கு கார்பன் வெளியீடு 2.2 டன்னுக்குக் கீழே இருந்தால் பசுமை, 1.6-க்குக் கீழே ஐந்து நட்சத்திரம். 'முடிந்த உருக்கு' என்ற சொல்லைக் கவனியுங்கள்.

கோயம்புத்தூர் வார்ப்பாலை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இண்டக்‌ஷன் உலையில் ஒரு டன் உருக்க 600 யூனிட் என்று பெருமையாகச் சொல்வார்கள். உருக்கியதில் அச்சின் வழிகளில் உறைந்து வெட்டி எடுக்கப்படும் ரன்னர், ரைசர், குறையுள்ள ரிஜெக்ட் எல்லாம் போக லாரி ஏறுவது 60 சதவீதம் என்றால், விற்ற டன்னுக்கு 1,000 யூனிட். உலையை மாற்றாமலேயே, ரிஜெக்‌ஷனைக் குறைத்து 66 சதவீதம் ஆக்கினால் 910-க்கு வந்துவிடும். மீட்டர் பக்கம் ஒரு கையும் வைக்க வேண்டியதில்லை, மோல்டிங் மணலின் ஈரத்தைப் பார்த்தால் போதும்.

வீடு கட்டுகிறேன். நான் ஏதாவது செய்ய முடியுமா?

முடியும். பூச்சு, கட்டுவேலைக்கு ஓ.பி.சி. 53, அதாவது அதிக வலு உள்ள தரம், தேவையே இல்லை. மேஸ்திரி '53 தான் ஸ்ட்ராங்' என்பார். பி.பி.சி. முதல் வாரத்தில் மெதுவாக வலுவேறும், அதனால் அவருக்கு அப்படித் தோன்றுகிறது. அதற்கு ஏற்றபடி தண்ணீர் ஊற்ற வேண்டும். சாதாரண சிமெண்டுக்கு 7 நாள் என்றால், கலப்பு சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாள் என்று இந்தியத் தரநிலை சொல்கிறது. அந்த மூன்று நாள் தண்ணீரை மிச்சம் பிடித்துவிட்டு 'சாம்பல் சிமெண்ட் சரியில்லை' என்பது வழக்கமாகிவிட்டது. சென்டரிங் பிரிப்பதிலும் அவசரம் வேண்டாம், இன்ஜினியரைக் கேட்டுப் பிரியுங்கள். மூட்டையின் மேல் அச்சிட்டிருக்கும் தயாரித்த வாரத்தையும் பாருங்கள். மூன்று மாதம் கிடந்த மூட்டையை வாங்கி, வலு போதாமல் கூட இரண்டு மூட்டை போடுவது உங்கள் பணத்துக்கும் கேடு.